கருப்பட்டியின் பின்னங்கால்

என் தங்கமே, பிரபு,

அக்காதான் எழுதுகிறேன். நீ போன பிறகு தோட்டத்தில் எத்தனையோ அறுப்பு முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. வருசத் திதிக்குப் பேப்பரில் போட, உன் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "காலேஜ் படிச்ச பிள்ள, ஒனக்கு வராதா?" என்று சித்தி கேட்டாள். வரவில்லை. உன் பெயரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டிய சொல்லுக்குப் பேனா போகவே இல்லை. கடைசியில் அச்சகத்துக்காரரே எல்லாருக்கும் போடுவதை உனக்கும் போட்டார்.

இப்போது எழுதுகிறேன் என்றால், உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நல்ல சேதி இல்லை. எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

யாழினி யு.கே.ஜி. போகிறாள். முன்பல் ஒன்று ஆடுகிறது, நாக்கால் அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. சாப்பாட்டில் வரும் கறிவேப்பிலையைப் பொறுக்கி, உன்னைப் போலவே தட்டு விளிம்பில் வரிசையாக ஒட்டி வைக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? உன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டது அவளுக்கு நினைவில்லை. போட்டோவைக் காட்டினால், "மாமா எதுக்கும்மா அழுகுறாக?" என்று கேட்கிறாள். குத்தியது அவளுக்கு, அழுதது நீ. அதைப் பார்த்து ஊரே சிரித்தது உனக்கு நினைவிருக்கிறதா?

வீடு அதே மாடி வீடுதான். நீ பைக்கை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவாயே, அதே வாசல்தான். உன் மச்சானுக்கு மில்லில் ஷிஃப்ட் மாறிவிட்டது. அம்மா முழங்கால் வலியோடு ஓடைப்பட்டி வீட்டில் நடமாடுகிறாள். அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சேதி கருப்பட்டியைப் பற்றியது.

கடமலைக்குண்டு சந்தையில் வாங்கி, திராட்சை அடுக்குகிற அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பைக் டேங்க் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாயே, அந்த முயல். பாப்பாவுக்கு அப்போது ‘ரு’ வராது. "கப்பட்டி, கப்பட்டி" என்று அவள் பின்னாலேயே ஓட, அது சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. "தாய்மாமன் சீருன்னா தங்கத்துல செய்வாக, நீ என்னடா முயலத் தூக்கிட்டு வந்து நிக்கிற" என்று நான் கேட்டதற்கு, "தங்கம் குட்டியா போடும்? இது போடும்க்கா" என்றாய். அது ஆண் முயல் என்று உனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டையும் கொண்டுவந்தாய். நம் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கு வாங்கி மிஞ்சிய கம்பியில், நீயே முறுக்கிப் பின்னியது. நாலு பக்கமும் கம்பி, மேலேயும் கம்பி. புழுக்கையெல்லாம் கீழே விழுந்துவிடும், அக்காவுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை மிச்சம் என்று தரையையும் கம்பியிலேயே பின்னியிருந்தாய். ஒவ்வொரு சந்திலும் ஒரே மாதிரி முறுக்கு. முனை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டு பிள்ளையின் கையைக் கிழித்துவிடக் கூடாது என்று எல்லா முனையையும் உள்பக்கமாக மடித்துத் தட்டிவிட்டிருந்தாய். "இது மேல ஆனை நின்னாலும் தாங்கும்க்கா" என்றாய். தாங்கத்தான் செய்தது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். பாப்பா ஒரு தும்மல் போட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் கருப்பட்டி கீரைக்கு ஓடி வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தை மட்டும் நீட்டினான். தூக்கிப் பார்த்தேன். வலது பின்னங்காலின் அடியில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. அதற்கு மேலே, கால் மடங்குகிற மூட்டு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். முயல் கத்தாது என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை நாளாக வலித்ததோ?

பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடச் சொன்னார்கள். போனில் தேடிப் பார்த்தேன். ஒன்று நல்லது என்றால் அடுத்தது கூடாது என்றது. கடைசியில் காய்கறிக் கூடையில் பழைய சேலையை விரித்து அவனைப் படுக்க வைத்து, பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சினை மாடு, இரண்டு ஆடு, கால் ஒடிந்த சேவல். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "ஏத்தா, கொழம்புக்கு ஆகுற சீவனுக்கு ஊசியப் போட்டா கறி கசந்து போகாதா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பாதான் அவரை நிமிர்ந்து பார்த்து, "இது எங்க மாமா குடுத்தது" என்றாள்.

பெரியவரின் முகம் மாறிவிட்டது. "மாமன் குடுத்த சீரா? அப்படிச் சொல்லுத்தா. நீ முன்னால போ" என்று ஆட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் விட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மாடும் ஆடும்தான் தினமும் பார்ப்பது, முயலுக்குக் கொஞ்சம் கேட்டுப் பார்த்துத்தான் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனாலேயே எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது. மூட்டில் ஊசியை ஏற்றி உறிஞ்சினார்கள். ஒன்றும் வரவில்லை. முயலுக்குச் சீழ் தண்ணீராக இருக்காதாம். பற்பசை மாதிரி கெட்டியாக உள்ளேயே உறைந்து நிற்குமாம். கீறித்தான் எடுத்தார்கள். பாப்பாவை வெளியே அனுப்பிவிட்டு நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுப் போட்டு முடித்த பிறகு, கூட்டில் தரை என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். போனில் படம் இருந்தது. பாப்பா கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற படம். டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"முயலுக்குப் பாதத்துல நாய் பூனை மாதிரி மெத்தை கிடையாதும்மா. வெறும் முடிதான். கம்பி மேலேயே நின்னு நின்னு முடி தேஞ்சு புண்ணாயிருக்கு. அந்தப் புண்ணு வழியா கிருமி மூட்டுக்குள்ள போயிருச்சு" என்றார்கள்.

யார் செய்து கொடுத்தது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர்களுக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை, பிரபு. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஏலே, நீ தெரிந்தா செய்தாய்? கடையில் விற்கிற கூடெல்லாம் அப்படித்தானே இருக்கிறது? பந்தல் கம்பியில் ஆயிரம் குலை தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. கம்பி என்றால் தாங்கும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். ஒரு தடவை உன் மச்சான் தரையில் போட ஒரு பிளைவுட் பலகையை அறுத்துக் கொண்டுவந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். நீ போன பிறகு உன் கை வேலை என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மூட எனக்கு மனசு வரவில்லை. உனக்காகப் பார்த்தேன். அவன் பாதத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் அவனைச் சுற்றித்தான் நடந்தது. அட்டைப் பெட்டியில் வைக்கோலும் பழஞ்சேலையும் விரித்து இடம் மாற்றினோம். காலையில் பாப்பாவுக்குச் சடை பின்னுவதற்கு முன்னால் அவனுக்குக் கட்டுப் பிரிக்க வேண்டும். டர்க்கி டவலில் கைப்பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி மடியில் போட்டுக்கொள்வேன். பாப்பா அவன் நெற்றியை வருடிக்கொண்டே அவளுடைய ஸ்கூல் பாட்டைப் பாடுவாள். நான் உப்புத் தண்ணீர் ஏற்றிய ஊசிக்குழாயால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, பஞ்சு வைத்துக் கட்டுவேன். நம் வீட்டு மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள், முயலின் வயிறு தாங்காது என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயத்தில் பாப்பாவின் காய்ச்சல் பாட்டில்களைக்கூட அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

உன் மச்சான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அகத்திக்கீரை வாங்கி வருவார். "என் பொண்டாட்டி எனக்குக்கூட இப்படிக் கட்டுப் போட்டதில்லடா" என்று அவனிடம் குறை சொல்லிக்கொண்டே ஊட்டுவார். சில நாட்கள் நன்றாகத் தின்றான். வீக்கம் குறைந்தது. ஒரு நாள் கட்டுக் காலோடு பாப்பாவின் ஷூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு எடுக்கத் தெரியாமல் சுற்றி வந்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். பிழைத்துவிடுவான் என்று நினைத்தேன். பிழைக்க வைத்துவிட்டால் உன்னில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்த மாதிரி என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பைபாஸில் லாரி உன்னை அடித்துப் போட்ட பிறகு, மதுரை ஆஸ்பத்திரியில் நீ மிஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். மூளைக்குள் இனி ஒன்றும் இல்லை, வைத்திருக்கலாம், ஆனால் பிள்ளை திரும்ப மாட்டான் என்று டாக்டர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். இனி இல்லை என்று ஆகிவிட்டால், உயிர் அவரவர் வீட்டில் போக வேண்டும் என்பார்கள். பிறகு அப்பா, "வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்" என்றார்.

நான் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "பெத்த பிள்ளைய நீங்களே கொல்லப் போறீகளா?" என்று கேட்டேன். அவர் ஆம்புலன்ஸில் ஏறி உன் காலடியில் உட்கார்ந்துகொண்டார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கும்போதெல்லாம் உன் பாதம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். நீ வீடு வந்து சேர்ந்தாய். அம்மா உன் உதட்டை நனைத்த பிறகுதான் போனாய்.

அன்றைக்கு நின்றதுதான் எங்கள் பேச்சு. ஓடைப்பட்டிக்குப் போவேன், சமைப்பேன், அம்மாவுக்குத் தைலம் தேய்ப்பேன். அப்பாவிடம் நேராக ஒரு சொல் பேச மாட்டேன். அவரும் பேச மாட்டார். "ஒங்கம்மாவச் சாப்பிடச் சொல்லு ஆத்தா" என்று பாப்பாவிடம் சொல்வார். "தாத்தாவ மருந்து போடச் சொல்லு" என்று நானும் அவளிடமே சொல்வேன். அவள் நடுவில் நின்று கடிதம் கொடுக்கிறவள் மாதிரி இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

தை பிறந்த பிறகு கருப்பட்டியின் வீக்கம் திரும்ப வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டுக்குள் எலும்பே அரித்துப்போயிருந்தது. அந்தக் காலை எடுத்துவிட்டால் மூன்று காலோடு பிழைக்குமே என்று நான் கேட்டேன். அதையும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். டாக்டரம்மா அவனுடைய இன்னொரு பின்னங்காலைத் தூக்கிக் காட்டினார்கள். பாரம் முழுவதும் அதில் இறங்கி, அந்த மூட்டும் வீங்கியிருந்தது. தாங்குவதற்கு ஒரு கால் இருந்தால்தான் இன்னொரு காலை எடுக்கலாம் என்றார்கள். கிட்டத்தில் வைத்துக் கேட்டால் பல்லை நறநறவென்று அரைக்கிற சத்தம் வந்தது. முயலுக்கு அதுதான் அழுகையாம்.

"இனிமே நாம வச்சிருக்கிறது நமக்காகத்தாம்மா. அதுக்காக இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, வலி இல்லாம முடிச்சிரலாம்" என்றார்கள்.

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது? நீ கொடுத்ததை நான் எப்படிப் போதும் என்பேன்? உன் மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வர வேணாம். நான் கொண்டுபோய்ட்டு வந்துர்றேன், நீ எதுவும் சொல்ல வேணாம்" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். அம்மா என்ன சொன்னாள் என்பதுகூடக் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து அப்பா வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை, நம் தோட்டத்து வேலியில் ஒடித்தது.

பாப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினாள். அப்பா தரையில் உட்கார்ந்து ஒரு கொழுந்தை எடுத்து நீட்டினார். கருப்பட்டி மோந்து பார்த்தான், தின்னவில்லை. "எதனால வந்துச்சாம் ஆத்தா?" என்று பாப்பாவிடம்தான் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மழ ஈரம்ப்பா. ஈரத்துல நின்னு வந்துருச்சு." அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் சொல் ஒரு பொய்.

பாப்பா விடவில்லை. "இல்ல தாத்தா. மாமா செஞ்ச கூட்டுல கம்பி குத்திருச்சு. டாக்டர் அத்தை சொன்னாக."

அப்பா எழுந்து மாடி ஓரத்தில் காலியாகக் கிடந்த கூட்டிடம் போனார். கதவைத் திறந்து தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எடுத்தபோது கையில் கம்பியின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் முறுக்குனான். கம்பிய இழுத்துப் பிடிச்சது நான்தான்த்தா. தொய்வு இருக்கக் கூடாதுப்பா, நல்லா இழுத்துப் பிடிங்கன்னான்" என்றார்.

நீ அதை எங்களிடம் சொன்னதே இல்லை. அந்தக் கூட்டில் அப்பாவின் கையும் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு எப்படிப்பா சொன்னீக?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீரையை உருவ ஆரம்பித்தார்.

"யாராச்சும் சொல்லணுமில்ல. ஒங்கம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அவ வாயில இருந்து வந்துரக் கூடாதுன்னு நெனச்சேன். நீயும் பச்சப்பிள்ளையக் கையில வச்சிருந்த. அதான் நானே சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் உருவிக்கொண்டே இருந்தார்.

"நீ கத்துனது எனக்கு ஒண்ணும் இல்லத்தா. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சொல்லிட்டேன். வெளிய வந்து சொல்லிருக்கணும். அங்கனயே நின்னு சொல்லிட்டேன். அவன் காதுல விழுந்திருக்குமோன்னுதான்..."

காம்பெல்லாம் ஒரு பக்கம், இலையெல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டே இருந்தார். தின்ன ஆள் இல்லை என்று தெரிந்தும் முழுக் கட்டையும் உருவி முடித்தார்.

பிரபு, இத்தனை நாளும் நான் கத்தியது அவருக்குள் முள்ளாக நிற்கிறது என்று நினைத்திருந்தேன். அதற்கு அவரிடம் இடமே இல்லை. அவர் வேறொன்றைச் சுமந்துகொண்டு தினமும் தோட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார். மருந்தடித்திருக்கிறார், கொடிக்குக் கவாத்து வெட்டியிருக்கிறார், எதிரில் வருகிறவர்களிடம் விலை கேட்டிருக்கிறார். நான் பாப்பாவை நடுவில் நிறுத்தி மருந்து போடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அப்பாவும் நானும் கூடையோடு போனோம். உன் மச்சானை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். முதலில் தூங்க ஒரு ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு இன்னொன்று, ஒன்றும் தெரியாது என்று சொன்னார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். எனக்காக அவரே சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது.

"நீங்க இருங்கப்பா" என்றேன்.

கருப்பட்டி டவலுக்குள் என் மடியில் இருந்தான். அவனுடைய இரண்டு காதையும் மெதுவாகப் பின்னால் மடித்து, உள்ளங்கையால் மூடினேன். வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து நன்றாகப் பொத்திக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவிடம், "போதும். போட்டுருங்க" என்றேன்.

நிமிர்ந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. உனக்குக் கொள்ளி வைத்தபோதுகூட அழவில்லை. அந்த மருந்து வாடைக்குள் தலைத்துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். டாக்டரம்மா முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவிடம் சொன்னேன். தூங்குகிறான், ஊருக்குப் போயிருக்கிறான் என்றெல்லாம் சொல்லவில்லை. செத்துப்போய்விட்டான் என்றே சொன்னேன். "இனிமே கால் வலிக்காதுல்ல?" என்று கேட்டாள். வலிக்காது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஆட்டோவில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீடு வரும் வரை தேம்பினாள். அன்றைக்குச் சாயங்காலமே அவனைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஓடைப்பட்டி பஸ் ஏறினோம். அப்பாவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். சின்னமனூரில் பஸ் நின்றபோது, "தண்ணி குடிக்கிறியாத்தா?" என்று என்னிடம் கேட்டார். பாப்பாவிடம் இல்லை, என்னிடம். தோட்டத்து வேலி ஓரம், அகத்தி மரத்தடியில் அப்பாவே குழி வெட்டினார்.

கூடு இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. பிரிக்க மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. அதை என்ன செய்யட்டும்? நீ இருந்தால் ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டு ஒரு யோசனை சொல்லியிருப்பாய்.

அதைவிட உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அப்பா சொன்னது அன்றைக்கு உன் காதில் விழுந்ததாடா? மூளையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் கடைசியாகப் போவது காதுதான் என்றும் எங்கேயோ படித்தேன். எதை நம்புவது? விழுந்திருந்தால் நீ பயந்தாயா? வலித்ததா? அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது தெரிந்ததா? வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோசப்பட்டாயா?

விழுந்திருந்தால், ஒன்றை மட்டும் தெரிந்துகொள். குரல்தான் அப்பாவுடையது. அம்மாவால் சொல்ல முடியாததும், நான் சொல்ல மாட்டேன் என்று கத்தியதும் சேர்ந்துதான் அவர் வாயில் வந்தது. பிள்ளை வலியோடு கிடக்கிறான், நம் வீட்டில் நம் கையில் இருக்கட்டும் என்று நினைத்தது நாங்கள் எல்லாரும்தான். எனக்கு அது தெரிய இவ்வளவு நாளாகிவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அது அப்பா சொன்ன சொல் என்று யார் சொன்னாலும் நான் விட மாட்டேன். அப்பாவே சொன்னாலும் விட மாட்டேன். உன் பேச்சை எடுக்கும்போதெல்லாம், நாங்கள் கொண்டுவந்தோம் என்றுதான் சொல்வேன். அவர் காது கேட்கச் சொல்வேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி,
உன் அக்கா.